ஒன்றாம் வகுப்புக்கு ஓர் ஆசிரியர்



‘ஏழைப் பிள்ளைகளுக்குத் தரமான கல்வி’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் எதை வேண்டுமானாலும் பேசலாம். நீட் தேர்வைப் பேசலாம், மொழிக் கொள்கையைப் பேசலாம், தனியார் பள்ளிக் கட்டணத்தைப் பேசலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட, ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பேசுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு வாக்கு இல்லை, மறியல் செய்யத் தெரியாது, பத்திரிகையில் மதிப்பெண் வராது. இன்றைக்கு அவனையும் அவளையும் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த காலத்தில் நான் அதிகம் போனது இப்படிப்பட்ட பள்ளிகளுக்குத்தான். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், உங்கள் ஊராகவும் இருக்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். முப்பது, நாற்பது பிள்ளைகள். ஆசிரியர் இரண்டே பேர், அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமை ஆசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று மற்றவரிடம். பல பள்ளிகளில் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே அறையில் நடக்கும். அப்படியானால் அந்த ஒரு டீச்சர் முன்னால் மூன்று வகுப்பு இல்லை, ஆறு வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. துறையில் இதற்கு ‘ஈராசிரியர் பள்ளி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயர் வைத்துவிட்டதாலேயே இயல்பான ஏற்பாடு என்று நமக்குத் தோன்றிவிட்டது.

காலையில் வருகைப் பதிவு செல்போன் செயலியில் போட வேண்டும். காலை உணவு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், மதிய உணவுக்கு எத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டியவை தனி. சிக்னல் கிடைக்கவில்லை என்றால் பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். அதற்குள் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வரும்: சீருடை அளவுப் பட்டியல் இன்று மாலைக்குள் வேண்டும். தலைமை ஆசிரியர் கூட்டம் என்று கிளம்பினால், அல்லது இருவரில் ஒருவர் மருத்துவ விடுப்பில் போனால், அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அவர் என்ன செய்வார்? நாலாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுப்பார், ஐந்தாம் வகுப்பைப் பாடம் பார்த்து எழுதச் சொல்வார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘சத்தம் போடாமல் அ, ஆ எழுதுங்கள்’ என்பார். அவர்கள் எழுதுவார்கள், அழிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். தனக்குத்தானே எழுதிப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்ட ஆறு வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய நட்டமில்லை. சாயங்காலம் அம்மா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார், இல்லாவிட்டால் டியூஷன். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அப்பாவுக்கும் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியில் விட்டது விட்டதுதான். தரமான கல்வி என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: வீட்டில் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாத பிள்ளை, பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பி வாசிக்கக் கற்றுக்கொள்ள முடிய வேண்டும். முடிந்தால் அது தரமான பள்ளி. முடியவில்லை என்றால், ஸ்மார்ட் வகுப்பறை இருந்தாலும் சுவரில் ஓவியம் இருந்தாலும் அது தரமான பள்ளி ஆகாது.

இரண்டு ஆசிரியர் என்ற கணக்கை யார் போட்டது? சட்டம்தான். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. அதே அட்டவணையில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு வேறு கணக்கு: வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், அறிவியல் கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பை எண்ணியவர்கள் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலையை எண்ணியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைவிடத் தெரியாத பிள்ளைக்குத்தானே ஆள் அதிகம் வேண்டும்? நல்ல சட்டம்தான், அதற்காகப் போராடியவர்களை நான் மதிக்கிறேன். இந்த ஒரு வரியில் அது கோட்டை விட்டுவிட்டது.

பிள்ளைகளின் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் ‘அசர்’ அறிக்கைகள் 2005 முதல் வந்துகொண்டிருக்கின்றன. ‘பிரதம்’ அமைப்பு நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கவைத்துப் பார்க்கிறது. 2024 அறிக்கைப்படி, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது. அந்தச் சோதனை முறை சரியில்லை, நம் மாநிலத்தின் நிலை அதில் சரியாகத் தெரியவில்லை என்று நம் ஆசிரியர்கள் வாதிடுவதுண்டு. வாதம் நடக்கட்டும். ஆறாம் வகுப்பு எடுக்கும் எந்த ஆசிரியரையும் தனியாகக் கேளுங்கள், அறிக்கை தேவைப்படாது.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். நம் மாநிலம் கல்வியில் எதையுமே சாதிக்கவில்லை என்று பேசுகிறவன் இல்லை நான். சாதித்திருக்கிறது. எப்படிச் சாதித்தது என்பதைத்தான் நாம் சரியாகப் படிக்கவில்லை.

1894-இல் அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். பொதுப் பள்ளியின் வாசலில் அந்தப் பிள்ளைகளை ஏற்றாத காலம். ஆகவே முதல் சண்டை வாசலைத் திறக்கும் சண்டை. அடுத்தது பசி. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு காமராசர் காலம். 1954-இல் முதலமைச்சர் ஆனார். 1956-இல் மதிய உணவு தொடங்கியது. நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநர். அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி உங்களில் வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர்க்காரர்கள் மேடைக்கு வந்து, ‘நான் நாலு பெஞ்சு தருகிறேன்’, ‘நான் கடிகாரம் தருகிறேன்’, ‘நான் பத்து சென்ட் இடம் எழுதித் தருகிறேன்’ என்று சொல்லி எழுதிக்கொடுப்பார்கள். நன்கொடை சிறியதோ பெரியதோ, பள்ளிக்கூடம் எங்களுடையது என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1961-இலிருந்து ‘கேர்’ நிறுவனத்தின் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் வந்தன. அந்த உப்புமாவின் வாசனையை மறக்காதவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்.

அந்தக் காலத்து மதிய உணவில் ஒரு குறை இருந்தது. சமைப்பதும் பரிமாறுவதும் கணக்கு எழுதுவதும் பெரும்பாலும் ஆசிரியர் மேற்பார்வையில், ஊரில் யாராவது கைகொடுத்தால் நடக்கும். ஊருக்கு ஊர் வித்தியாசப்படும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதை மாற்றியது. இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சாப்பாட்டைப் பேசுவார்கள். நான் ஆளைப் பேசுகிறேன். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று அந்த வேலைக்கென்றே ஆட்களைப் போட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், அவர்களில் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் நிறைய. பொருளாதார நிபுணர்கள் அன்றைக்கு இதைப் பணவிரயம் என்றார்கள். ஆட்சிகள் மாறின, திட்டம் நிலைத்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, எப்படிச் செய்வது என்று பார்க்க மற்ற மாநிலங்களுக்குக் கண்முன்னே ஒரு மாநிலம் இருந்தது. திட்டம் நிலைத்ததற்குக் காரணம் அரிசி மட்டும் இல்லை, அந்த மூன்று பணியிடங்கள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் பாருங்கள். முதலில் 1,545 பள்ளிகள், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும். கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைச் சமைக்கவைத்தார்கள். ஏற்கெனவே இருந்த டீச்சரிடம் ‘காலையில் ஆறு மணிக்கு வந்து உப்புமா கிண்டுங்கள்’ என்று சொல்லியிருந்தால் இந்தத் திட்டம் எத்தனை வாரம் ஓடியிருக்கும்?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக வென்ற திட்டங்கள் எல்லாம் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திய திட்டங்கள். தோற்றவை, பாதி தேறியவை பெரும்பாலும் அதே இரண்டு ஆசிரியர் தலையில் இன்னொரு கூடையை ஏற்றியவை.

செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷிவேலிக்கு அனுப்பி, அங்கே பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிப்பதைப் பார்த்துவரச் செய்தார். 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. பாய் விரித்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அட்டைகள், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறுகிற ஏணி. அதைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். நான் செய்யமாட்டேன். ஓர் அறையில் பல வகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன என்ற உண்மையை அரசு பாடத்திட்டத்துக்குள்ளேயே ஒப்புக்கொண்ட காலம் அது. பிறகு அட்டைகள் கிழிந்தன, புதிது வரவில்லை. 2012-இல் முப்பருவ முறை வந்தது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அந்த யோசனை சரியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் அதற்கு என்ன தெரியும் என்று பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு வரும் என்பது இந்தியாவில் பல இடங்களில் சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் மூன்று வகுப்பு, வகுப்புக்கு மூன்று நிலை, கூடவே செயலியில் மதிப்பீடு என்று ஒரே ஆளிடம் கொடுத்தால் அவர் எதை முதலில் செய்வார்? மேலதிகாரி எதைக் கேட்கிறாரோ அதை. மேலதிகாரி செயலியைத்தான் கேட்கிறார்.

கூடுதல் ஆள் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இரண்டும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தவை, இரண்டிலும் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் பங்கேற்றிருக்கிறார்.

முதலாவது அங்கன்வாடி. நான்கு மாவட்டங்களில் சில மையங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பணியாளரைப் போட்டார்கள். அவருக்கு ஒரே பொறுப்பு: பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி. ஏற்கெனவே இருந்தவர் ஊட்டச்சத்து, எடை, கர்ப்பிணிகள், பதிவேடு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இருமடங்கானது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் அவர்கள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னால் போனார்கள். நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது: வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும் கடுமையான ஊட்டக்குறை உள்ள பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைந்தார்கள். படிப்புக்கென்று ஆள் வந்ததால் பழைய பணியாளருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. ஒரே ஆளிடம் இரண்டு வேலையைக் கொடுத்தால் இரண்டும் கெடும் என்பதை நம் பாட்டிமார் ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்கள். அரசாங்கத்துக்கு ஆய்வு வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது கொரோனாவுக்குப் பிந்தையது. பள்ளிகள் பதினெட்டு மாதம் மூடிக் கிடந்தன. 2021 டிசம்பரில் கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்து, 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 19,000 பிள்ளைகள். கணக்கில் பெரும் சரிவு, மொழியில் அதில் பாதி அளவு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இழந்திருந்தார்கள். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, மீண்டதிலும் ஏழைப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். அந்த மீட்பில் ஏறக்குறைய 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இல்லம் தேடிக் கல்வி என்ன செய்தது? 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் போல, அதே தெருவில் இருக்கும் ஒரு பெண் பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. டிகிரி முடித்துவிட்டு, கல்யாணம் ஆகி, வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் இருந்த பெண்கள் அவர்களில் ஏராளம். இவர்களை ஆசிரியருக்கு மாற்றாக நான் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடைக்கும்போது ஆசிரியர் எதற்கு என்று கேட்க நிதித்துறையில் யாராவது காத்திருப்பார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சி இல்லாத ஒரு பெண் சாயங்காலத்தில் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் பகல் முழுக்க ஒன்றாம் வகுப்போடு மட்டும் இருந்தால் என்ன செய்வார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, பெற்றோர் என்ன செய்கிறார்கள்? மூன்று வயதிலேயே வேன் வாசலுக்கு வருகிறது. தனியார் நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. இருக்கிறது, அரசுத் தொடக்கப் பள்ளி ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. இடையில் இருப்பது அங்கன்வாடி. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள், பெரும்பாலான கிராமங்களுக்கு அது எட்டவில்லை. எல்.கே.ஜி.க்கு வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு இறங்கி வராது. பிள்ளைகள் குறைகிறார்கள், குறைந்ததால் ஆசிரியர் ‘உபரி’ என்று பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார், ஆசிரியர் குறைந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகள் வேனுக்குப் பணம் கட்டுகின்றன. கடைசியில் பள்ளியில் மிஞ்சுவது வேனுக்குப் பணம் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் கட்டடத் தொழிலாளிக்கு ஆங்கில மோகம் என்று மேடையில் பேசுவது எளிது. அவர் பார்ப்பது ஆங்கிலத்தை மட்டும் இல்லை, வகுப்புக்கு ஒரு மிஸ் இருப்பதையும் பார்க்கிறார். அந்த மிஸ்ஸுக்குச் சொற்பச் சம்பளம், பயிற்சியும் குறைவு. ஆனால் அவர் அந்த வகுப்பில் நாள் முழுக்க இருக்கிறார்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் கால் பங்கு இடம் நலிந்த பிரிவினருக்கு. கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். தமிழ்நாட்டில் 2013-14 முதல் நடக்கிறது. சேர்ந்து படித்த பிள்ளைகளுக்குப் பயன் இருந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2025-இல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் அந்தச் சேர்க்கை பள்ளி திறந்தும் மாதக்கணக்கில் நின்றுபோனபோது, நம்பிக் காத்திருந்த பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அரசே பணம் கொடுத்துத் தன் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்லும் ஏற்பாடு இது. 1966-இல் கோத்தாரி கல்விக் குழு சொன்னது அருகமைப் பள்ளி. ஒரு பகுதியின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது. அறுபது ஆண்டுகளில் அதற்கு நேர் எதிர்த்திசையில் வந்திருக்கிறோம்.

என்னிடம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். பதினைந்து பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு எதற்கு மூன்று, நாலு ஆசிரியர், பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாமே என்பது முதல் கேள்வி. இணைக்கக்கூடிய இடங்கள் உண்டு. ஒரே தெருவில் இரண்டு பள்ளி இருக்கும் ஊரும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இடையில் நெடுஞ்சாலை ஓடும், ஆறு ஓடும். பக்கத்து ஊர் என்றால் பல இடங்களில் வேறு சாதியின் தெரு என்று பொருள். காலனிப் பிள்ளை ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கு நடந்துபோவதில் என்ன இருக்கிறது என்று சென்னையில் உட்கார்ந்து கேட்கலாம். அந்தத் தெரு வழியாக நடந்து பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது, ஒரே அறையில் பல வகுப்பு இருப்பது தப்பா, ரிஷிவேலியில் நடக்கிறதே என்பது. நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அங்கே அது திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. பாடப்பொருள் அதற்கென்றே ஆண்டுக்கணக்கில் உருவானது, ஆசிரியர் அதற்கென்றே பயிற்சி பெற்றவர், பாதி நேரம் செயலியில் மூழ்காதவர். ஆள் இல்லாததால் நேர்ந்த கலவை வகுப்பை அதோடு ஒப்பிட முடியாது.

மூன்றாவதைக் கொஞ்சம் சூடாகவே கேட்பார்கள்: இருக்கிற ஆசிரியர்களே ஒழுங்காக வேலை செய்வதில்லை, இன்னும் எதற்கு? வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் சங்கங்கள் அதை வெளிப்படையாகப் பேசத் தயங்குவது அவர்களுக்கே நல்லதில்லை. ஆனால் ஆறு வகுப்பை ஓர் அறையில் வைத்துக்கொண்டு ஒருவர் வேலை செய்கிறாரா, செய்யவில்லையா என்று எதை வைத்து அளப்பீர்கள்? ஒன்றாம் வகுப்பு மட்டும் உங்கள் பொறுப்பு, ஆண்டு முடிவில் எல்லாரும் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அப்போது கணக்குக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

ஆட்களுக்கா பஞ்சம்? 2013-இல் ஆசிரியர் தகுதித் தேர்வான ‘டெட்’டில் தேர்ச்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்கள் பலர் இன்னும் காத்திருக்கிறார்கள். 2024-இல் நியமனத் தேர்வு வைத்தபோது 2,768 இடங்கள்தான் இருந்தன. மாநிலத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் மட்டும் 24,000-க்கு மேல். எல்லாவற்றுக்கும் நாளையே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒன்றும் இரண்டும் சேர்த்து ஒருவர், வேறு பொறுப்பு எதுவும் இல்லாமல். பதிவேடுகளுக்கும் எமிஸுக்கும் மூன்று, நாலு பள்ளிக்குச் சேர்த்து ஓர் எழுத்தர். விடுப்பில் போகிறவர் இடத்துக்கு அனுப்ப ஒன்றியத்தில் சில ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிரக் கல்வி சாராத பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே குமாஸ்தா வேலையைக் குவிப்பதை அது தடுக்கவில்லை. அதை மாநில அரசே ஓர் ஆணையில் தடுக்கலாம், தில்லியைக் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியர் எண்ணிக்கையும் அப்படித்தான். சட்டம் சொல்வது குறைந்த அளவு. அதற்கு மேல் போடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அவர்களில் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. இரண்டும் நல்லவை, இரண்டும் தொடர வேண்டும். ஆனால் இவை பன்னிரண்டாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்து வந்தவர்களுக்கான உதவி. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் பின்வரிசைக்குப் போன பிள்ளைக்கு 7.5 விழுக்காட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பெற்றோர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பல ஊர்களில் அந்தக் கூட்டம் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. கழிப்பறையும் சுற்றுச்சுவரும் கேட்டுத் தீர்மானம் போட்டிருப்பீர்கள். ஆசிரியர் கேட்டுப் போட்ட தீர்மானத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதைக் கேளுங்கள். ஆகஸ்டு 15 கிராம சபையிலும் கொண்டுபோய் வையுங்கள். வாசகம் ஒரே வரி போதும்: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வேறு பொறுப்பு எதுவும் இல்லாத ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.